போட்டோ எடுக்கிற அன்று பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறாள் மகள், என்ன செய்யலாம்?

உடுமலைக்காரி | திங்கள், இரவு 9:10

வணக்கங்க. என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வர்ற வியாழக்கிழமை பள்ளியில் போட்டோ எடுக்கிறார்கள். காலையில் ஐடி கார்டுக்குத் தனித்தனியாக, மத்தியானத்துக்கு மேல் வகுப்பு குரூப் போட்டோ. வாட்ஸப்பில் தகவல் வந்ததிலிருந்தே அவள் முகம் சரியில்லை. நேற்று ராத்திரி சோறு போடும்போது, "வியாழக்கிழமை எனக்கு வயிறு வலிக்கும்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

காரணம் போன வருஷத்துக் கார்டு. அதில் கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி வந்துவிட்டது. பிள்ளைகள் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். வருஷம் பூராவும் கார்டைத் திருப்பித்தான் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். ரத்த குரூப்பும் எங்கள் போன் நம்பரும்தான் வெளியே தெரியும். இந்த வருஷம் கண்ணாடி வேறு போட்டிருக்கிறாள். அவங்க அப்பா "ஒரு போட்டோவுக்கு இத்தனை அலும்பா" என்கிறார். மாமியார் "ஒரு நாள் லீவு போட்டா என்ன கெட்டுப்போகுது, உடு" என்கிறார். எனக்கு இரண்டுக்கும் மனசு வரவில்லை. டீச்சரிடம் சொல்லலாமா, சொன்னால் இன்னும் கூச்சப்படுவாளா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பல்லடத்தான் | திங்கள், இரவு 9:32

லீவு மட்டும் போட வேண்டாங்க. விட்டுப்போன பிள்ளைகளை அடுத்த வாரம் ஆபீஸ் ரூமுக்கு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, டியூப் லைட்டுக்கு நேர் கீழே சுவரோரமாக நிற்க வைத்து யாராவது ஒருத்தர் போனில் எடுப்பார்கள். என் அண்ணன் பையனுக்கு அப்படித்தான் ஆனது. கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, சீக்காளி மாதிரி வந்திருந்தான்.

கோபி ஸ்டுடியோ | திங்கள், இரவு 10:05

கோபிப் பக்கம் ரொம்ப காலமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஜூன், ஜூலை வந்தால் பள்ளிக்கூட ஆர்டர்தான் பொழப்பு. கேமராவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாதிக் கண்ணுக்கு உங்கள் மகள் பொறுப்பில்லை என்பது அவளுக்குத் தெரிந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

ஆயிரம் பிள்ளைகள் இருக்கிற பள்ளியை இரண்டு நாளில் முடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம் கிடைத்தால் அதிகம். அதற்குள் ஸ்டூலில் உட்கார வேண்டும், டை நேராக வேண்டும், ரெஜிஸ்டரில் வரிசை எண் சரியா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் கிளிக். போட்டோவும் பேரும் மாறிப்போனால் மொத்த வகுப்புக்கும் கார்டு திரும்ப அடித்துத் தர வேண்டியிருக்கும் என்பதால் எங்கள் கவனம் முகத்தைவிட எண்ணில்தான் நிற்கும். தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், இந்த அவசரம்தான் முக்கால்வாசிக் கேட்டுக்குக் காரணம்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். மனுஷன் சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறான். இப்போதைய கேமராவில் பிளாஷை ஆட்டோவில் வைத்தால், உண்மையான பிளாஷ் அடிப்பதற்குச் சற்று முன்னால் வெளிச்சத்தை அளக்க ஒரு சின்ன வெட்டு வெட்டும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் கண் கூசுகிற பிள்ளைகளுக்கு அந்த முதல் வெட்டிலேயே இமை இறங்க ஆரம்பித்துவிடும், பெரிய பிளாஷ் அடிக்கும்போது பாதி வழியில் நிற்கும். மகளுக்கு அநேகமாக இதுதான் நடந்திருக்கும். பிளாஷை மேனுவலில் வைத்தால் முதல் வெட்டே கிடையாது. போட்டோ எடுக்கிறவரிடம் "ஏனுங்க, பிளாஷ் மேனுவல்ல இருக்குதுங்களா" என்று டீச்சரை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே அவர் கொஞ்சம் உஷாராகிவிடுவார்.

இன்னொன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது. எண்ண எண்ணப் பிள்ளைகள் கண்ணை அகல விரித்துப் பிடித்து வைத்திருந்து, சரியாக மூன்றில் தாங்காமல் மூடிவிடும். நான் எண்ணுவதில்லை. "கண்ணை மூடிக்க கண்ணு" என்பேன், ஒரு மூச்சு விட்டு "இப்பத் தொற" என்பேன், திறந்ததும் எடுத்துவிடுவேன். அப்போதுதான் மூடித் திறந்த கண் என்பதால் உடனே இமைக்காது. இதை உங்கள் மகளே தனியாகச் செய்யலாம். ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஒரு தடவை நன்றாகக் கண்ணை மூடித் திறக்கட்டும்.

கண்ணாடிக்கு: காதுக்கு மேல் இருக்கிற காம்பை ஒரு நூல் மேலே தூக்கி வைத்தால் லென்ஸ் லேசாகக் கீழே பார்க்கும், பிளாஷ் வெளிச்சம் கேமராவுக்குத் திரும்பி வராது. தாடையையும் துளி இறக்கினால் போதும். கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டாம். தினமும் கண்ணாடியோடு இருக்கிற பிள்ளையின் கார்டில் கண்ணாடியோடுதான் முகம் இருக்க வேண்டும்.

ஆனைமலைக் காத்து | செவ்வாய், காலை 6:48

உடுமலை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து நம் பக்கம் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். உடுமலை, பல்லடம் காடுகளில் கரண்டு எடுக்க இத்தனை காத்தாடி நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். அந்தக் காத்தில் கிரவுண்டில் ஸ்கிரீன் துணி கட்டி, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டின பிள்ளைகளை வெயிலைப் பார்த்து உட்கார வைத்தால் எந்தக் கண்தான் திறக்கும்? புழுதி வேறு. நான் படித்த பள்ளியில் ஸ்கிரீன் பறந்து வந்து ஒரு பையன் தலையில் முக்காடு போட்டுவிட்டது. வராந்தாவில், தூணுக்கு உள் பக்கம், நிழலில் வைத்து எடுக்கச் சொல்லுங்க. வெளிச்சமும் ஒரே சீராக விழும்.

வெள்ளகோவில் | செவ்வாய், காலை 8:15

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நாங்கள் படிக்கிற காலத்தில் வரிசையில் நின்றோம், எடுத்தார்கள், போனோம். நல்லா இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் கூச்சப்பட்டால் பெற்றவர்கள் அதற்கு மேல் பதறுகிறீர்கள். ஆதாருக்கு எடுத்த போட்டோவில் யார் நன்றாக இருக்கிறார்கள்? அதை வைத்துக்கொண்டு பேங்குக்குப் போகவில்லையா? நீங்கள் பெரிசாக எடுத்துக்கொண்டால் அவளும் பெரிசாக எடுத்துக்கொள்வாள்.

தாராபுரம் டீச்சர் | செவ்வாய், இரவு 8:20

வெள்ளகோவில் அண்ணா, கடைசி வரியோடு எனக்குச் சண்டை இல்லை. அம்மா பதறினால் பிள்ளையும் பதறும், நிஜம்தான். ஆனால் ஆதாரை நாம் பீரோவில் வைத்திருக்கிறோம். ஐடி கார்டை ஒரு பிள்ளை தினமும் நெஞ்சில் போட்டுக்கொண்டு நாற்பது பேர் நடுவில் நடக்க வேண்டும். அதுவும் பன்னிரண்டு, பதின்மூன்று வயசில். பேர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது போட்டோவோடு நிற்கிற விஷயமும் இல்லை, அந்த வகுப்பு டீச்சர் கவனிக்க வேண்டிய விஷயம்.

நான் அரசுப் பள்ளி. எங்களிடம் ஸ்டுடியோக்காரர் வருவது பத்துக்கும் பன்னிரண்டுக்கும்தான். மற்ற வகுப்புகளுக்கு எமிஸில், அதாவது அரசின் மாணவர் விவரப் பதிவுத் தளத்தில், ஏற்றுகிற போட்டோவை நாங்களே போனில் எடுக்கிறோம். முதல் வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தேன். கறுப்புப் பலகையும் கறுத்த முடியும் ஒன்றாகிப் போய் முகம் மட்டும் மிதக்கிற மாதிரி வந்தது. இப்போது வெள்ளையடித்த சுவருக்கு இரண்டடி முன்னால், ஜன்னலைப் பார்த்து நிற்க வைத்து எடுக்கிறேன். எடுத்ததும் போனை அந்தப் பிள்ளையிடம் காட்டுவேன். "இது இருக்கட்டுமா, இன்னொண்ணு எடுக்கலாமா?" இவ்வளவுதான் கேட்பேன். பெரும்பாலும் ஒரு தடவை திரும்ப எடுக்கச் சொல்வார்கள், இரண்டாவதில் தலையாட்டி விடுவார்கள். பிள்ளைக்குப் பத்து செகண்டு கூட ஆகும். அதற்கு நேரமில்லை என்று சொல்கிற பள்ளியை நான் நம்ப மாட்டேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவேன், தேர்வுக்குக் கொடுக்கிற போட்டோ மார்க் ஷீட்டில் ஏறும், மார்க் ஷீட் கடைசி வரைக்கும் கூட வரும் என்று. அன்றைக்கு எல்லாரும் எண்ணெய் தேய்த்துத் தலை வாரி வருவார்கள். ஒருத்தனுக்குச் சட்டைப் பட்டன் இருக்காது, பக்கத்து செக்‌ஷன் பையன் கழற்றிக் கொடுப்பான், ஒரே சட்டை ஏழெட்டு போட்டோவில் இருக்கும்.

உடுமலைக்காரி அக்கா, நீங்கள் டீச்சரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் மகள் முன்னால் வேண்டாம், பெற்றோர் குரூப்பிலும் வேண்டாம். தனியாக ஒரு போன் போதும்.

கரூர் பஸ் | செவ்வாய், இரவு 10:40

கண் மூடியது, வாய் கோணியது எல்லாம் சரி. எனக்குப் போட்டோ நாள் என்றால் வேறு ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கும்.

நான் நல்ல கறுப்பு. எங்கள் பள்ளியில் உயர வரிசைதான் என்று சொல்வார்கள், ஆனால் நிற்க வைக்கும்போது போட்டோக்காரர் வ்யூ பைண்டரில் பார்த்துவிட்டு, "அந்தக் கறுத்த பையன் பின்னால போ, நீ முன்னால வா" என்று கையாட்டுவார். என்னைவிட உயரமானவன் எனக்கு முன்னால் வருவான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சாரும் சொல்ல மாட்டார். அதனால்தான் அம்மிச்சி அன்றைக்கு மட்டும் பவுடர் டப்பாவை என் மூஞ்சியில் கவிழ்ப்பார். பங்குனி வெயிலில் அசெம்பிளி முடியும்போது வேர்வை ஓடிக் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், நடுவில் கோடு கோடாக இருக்கும். டவுசர் பையில் இருந்த கர்ச்சீப்பில் துடைத்தால் இன்னும் திட்டுத் திட்டாகிவிடும். அந்த போட்டோவில் பின் வரிசையில் வலது ஓரம் நான். மூக்கு எது, கண் எது என்று தெரியாது. பல்லாவது தெரியட்டும் என்றுதான் சிரித்தேன்.

இன்றைக்கும் என் தங்கச்சி மகளை "பவுடர் போட்டு உட்டுருக்கலாமுல்ல" என்று சொல்கிற ஒறம்பரை இருக்கிறார்கள். பெரியவர்கள் வாயை முதலில் அடக்க வேண்டும். கூச்சம் பிள்ளையோடு பிறப்பதில்லை, இப்படித்தான் உள்ளே போகிறது.

கோபி ஸ்டுடியோ | செவ்வாய், இரவு 11:25

கரூர் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா படுக்க முடியவில்லை. அதில் எந்தப் பாதி தொழில், எந்தப் பாதி மனுஷன் செய்த அநியாயம் என்று பிரித்துச் சொல்கிறேன்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். நாற்பது வெள்ளைச் சட்டையை ஒன்றாக நிறுத்தினால், வெளிச்சம் ஏகத்துக்கும் இருக்கிறது என்று மீட்டர் நினைத்துக்கொண்டு குறைத்துவிடும். சட்டை அழுக்கு வெள்ளையாகும், மாநிற முகம் கறுக்கும், கறுத்த முகம் காணாமலே போகும். விவரம் தெரிந்தவன் மீட்டரை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் அளப்பான், அல்லது ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டித் திறப்பான். சட்டை கொஞ்சம் வெளுத்தால் வெளுத்துவிட்டுப் போகட்டும். ஒரு விரல் அசைத்தால் தீர்கிற விஷயத்துக்குப் பையனைப் பின்னால் அனுப்பியது சோம்பேறித்தனமும் அவமரியாதையும்தான். வேறு சமாதானம் இல்லை.

பிலிமிலேயே கூட ஓரவஞ்சனை இருந்தது. கோடாக் கம்பெனி 1950கள் தொட்டு லேபுகளுக்கு நிறம் சரி பார்க்க ஒரு கார்டு அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் படம், ஷெர்லி கார்டு என்பார்கள். அந்தத் தோல் சரியாக வந்துவிட்டால் பிரிண்ட் சரி என்று கணக்கு. கறுத்த தோலின் வித்தியாசங்கள் தெரியாமல் அமுங்கிப் போனதைப் பற்றி ரொம்ப காலம் அந்தக் கம்பெனி அசையவில்லை. சாக்லேட் விளம்பரம் எடுக்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் பழுப்பில் வித்தியாசம் வரவில்லை என்று குறை சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கிற கார்டு 1990கள் வாக்கில்தான் வந்தது. அதனால் தம்பி, உங்கள் முகம் அந்த போட்டோவில் வராததற்கு உங்கள் முகம் காரணமே இல்லை.

கரூர் பஸ் | புதன், காலை 5:55

நன்றிங்கண்ணா. இத்தனை வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சென்னிமலை நெசவு | புதன், காலை 9:02

எங்கள் வீட்டில் தறி. பத்தாவதில் குரூப் போட்டோவுக்குக் காசு கட்டியவர்கள் பேரைப் போர்டில் எழுதினார்கள். கட்டாதவர்கள் பேரை எழுதவில்லை, ஆனால் எழுதாதது யார் என்று எல்லாருக்கும் தெரியும். எடுக்கிறபோது எல்லாரும் நிற்கலாம், பிரிண்ட் மட்டும் காசு கட்டியவர்களுக்கு. நின்றேன். வாங்கவில்லை. பல வருஷம் கழித்து பேட்ச் வாட்ஸப் குரூப்பில் ஒருத்தன் அந்த லேமினேஷன் போட்டோவை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து போனில் எடுத்துப் போட்டான். கண்ணாடி மாதிரி மின்னி, மூன்றாவது வரிசையில் பாதிப் பேருக்கு முகமே இல்லை. திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். கீழே அச்சடித்த பேர் வரிசையில் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது என் பையன் படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். போட்டோ காசைத் தனியாக வாங்காதீர்கள், ஆண்டு விழாச் செலவோடு சேர்த்துவிடுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் சரி என்றார்கள். டிஜிட்டல் பைலை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இன்னும் செலவு குறைவு.

பெருந்துறை | புதன், காலை 11:30

என் பையனுக்கு வாய் ஓரத்திலும் இமையிலும் வெண்புள்ளி. போன வருஷம் ஐடி கார்டு வந்தபோது பார்த்தால் புள்ளி ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில் வழித்துவிட்டிருக்கிறார்கள். நல்ல மனசில் செய்ததாகத்தான் ஸ்டுடியோக்காரர் சொன்னார். பையன் கார்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "இது யாரும்மா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். உடனே பள்ளிக்குப் போய் மாற்றிக் கொடுக்கச் சொன்னோம். பிள்ளையைக் கேட்காமல் மச்சம், தழும்பு, புள்ளி எதையும் தொடக் கூடாது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் இதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

ராசிபுரம் விடுதி | புதன், மதியம் 1:10

நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தவன். போட்டோவுக்கு முன்னாடி ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டுகிறவர் வந்து எல்லாருக்கும் ஒரே அளவில் ஒட்ட வெட்டிவிடுவார். குரூப் போட்டோவில் எங்க அம்மாவே என்னைத் தேடித்தான் கண்டுபிடித்தார்.

சூலூர் | புதன், மாலை 6:18

மகளுக்கு ஒரு விஷயம் சொல்லிப் பாருங்கள், என் பொண்ணுக்குச் சொன்னது உதவியது. நம் முகத்தை நாம் தினமும் பார்ப்பது கண்ணாடியில். அது இடவலம் மாறின முகம். போட்டோவில் வருவது மற்றவர்கள் பார்க்கிற முகம். எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருக்காது என்பதால் போட்டோவில் நமக்கு நாமே கோணலாகத் தெரிகிறோம். இதை 1977ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே போட்டோவை நேராக ஒன்றும் இடவலம் மாற்றி ஒன்றும் காட்டினார்கள். போட்டோவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கண்ணாடி முகத்தைத்தான் பிடித்திருக்கிறது என்றார்கள், அவர்கள் சிநேகிதிகள் நேரான முகத்தைத்தான் பிடித்திருக்கிறது என்றார்கள். அவரவர்க்குப் பழகின முகம் அவரவர்க்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

போன் செல்பி கேமராவில் பார்க்கும்போது தெரிவதும் கண்ணாடி முகம்தான். அதனால் இன்றைக்கு ராத்திரி செல்பி வேண்டாம், பின் பக்கத்துக் கேமராவில் நீங்களே அவளைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்கள். நேர் முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் நாளைக்கு அது அந்நியமாகத் தெரியாது.

உடுமலைக்காரி | புதன், இரவு 8:50

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. டீச்சரிடம் போனில் பேசிவிட்டேன், நன்றாகவே கேட்டுக்கொண்டார். பேர் வைத்துக் கூப்பிடுவதையும் சொன்னேன். சூலூர் அக்கா சொன்ன மாதிரி பின் கேமராவில் எடுத்துக் காட்டினேன், முதலில் முகத்தை மூடிக்கொண்டாள், அப்புறம் அவளே கண்ணாடிக் காம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்து எடுக்கச் சொன்னாள். கரூர் தம்பி எழுதியதை அவங்க அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் "நாளைக்கு நானே கொண்டுபோய் உட்டுட்டு வர்றேன்" என்றார்.

ஒரு சந்தேகம். குரூப் போட்டோவில் கண் மூடாமல் இருக்க வழி உண்டா? அங்கே "மூடு, திற" என்று யார் சொல்வார்கள்?

கோபி ஸ்டுடியோ | புதன், இரவு 9:30

இதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கே போட்டார்கள், 2006ல் இக் நோபல் பரிசு வாங்கின கணக்கு. முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. நல்ல வெளிச்சத்தில் இருபது பேருக்கு உள்ளாக இருந்தால், ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் எத்தனை தடவை எடுக்க வேண்டும் என்று வரும். பதினெட்டுப் பேர் என்றால் ஆறு. வெளிச்சம் மட்டமாக இருந்தால் இரண்டால் வகுக்க வேண்டும். ஐம்பது பேர் ஆகிவிட்டால் எல்லாக் கண்ணும் திறந்திருக்கிற ஒரு போட்டோ கிடைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். முழு வகுப்பு போட்டோவில் கண் மூடியவர்கள் எல்லாரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் நாங்கள் ஸ்டாண்டில் கேமராவை அசையாமல் வைத்து வரிசையாகப் பல போட்டோ எடுத்து, ஒன்றில் மூடின கண்ணுக்கு இன்னொன்றில் திறந்த முகத்தை எடுத்து அதே இடத்தில் பொருத்துகிறோம். அதே பிள்ளை, அதே நிமிஷம், நிறம் வடிவம் எதையும் மாற்றுவதில்லை. பெருந்துறையார் சொன்ன வழிப்பு வேலையும் இதுவும் ஒன்றல்ல என்றுதான் நான் நினைக்கிறேன்.

தாராபுரம் டீச்சர் | புதன், இரவு 10:12

நிற்கிற இடத்தையும் பாருங்கள். வரிசையின் கடைக்கோடியில் நிற்பவர்கள் முகம் அகலமாக இழுபட்டு வரும், போனில் கிட்டே நின்று எடுத்தால் ரொம்பவே வரும். யாருக்கு அதிகக் கூச்சமோ அவர்கள்தான் ஓரமாக ஒதுங்குவார்கள், ஓரத்தில்தான் முகம் கெடும், அடுத்த வருஷம் இன்னும் ஒதுங்குவார்கள். நான் பெஞ்சு போடும்போதே அந்தப் பிள்ளைகளை நடுவுக்கு இழுத்து, சிநேகிதிக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். உயரம் முன்பின் இருந்தால் என்ன, செங்கல்லைப் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். முன் வரிசையில் மண்ணில் உட்காருகிற பிள்ளைகளுக்கு ஒரு பவானி ஜமக்காளம் விரிப்போம். செருப்பு உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லாரையும் கழற்றி வைத்துவிட்டுச் சம்மணம் போடச் சொல்லிவிட்டால் யார் கால் எப்படி இருக்கிறது என்கிற பேச்சே வராது.

உடுமலைக்காரி | வியாழன், இரவு 7:45

போய் வந்துவிட்டாள். காலையில் வயிறு வலி ஒன்றும் இல்லை. வராந்தாவில்தான் வைத்து எடுத்தார்களாம். அப்படியும் காத்தில் ஸ்கிரீன் அவிழ்ந்துகொண்டு, பி.இ.டி. சார் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. டீச்சர் எல்லாப் பிள்ளைக்கும் கேமராவில் காட்டச் சொல்லியிருக்கிறார், பிடிக்காவிட்டால் ஒரு தடவை திரும்ப எடுக்கலாம் என்று. இவளுக்கு இரண்டு எடுத்தார்கள். ஒன்றில் சிரித்திருக்கிறாள், ஒன்றில் சிரிக்கவில்லை. போட்டோக்காரர் சிரித்தது நல்லா இருக்குது என்றாராம். இவள் சிரிக்காததுதான் வேண்டும் என்று சொல்லி அதையே போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கும் சிரித்ததைத்தான் பார்க்க ஆசை, ஆனால் அவள் கார்டு. குரூப் போட்டோவில் கண் மூடினேனா தெரியலைம்மா, மூடினாலும் அந்த அங்கிள் மாத்திருவாரு என்கிறாள். தூங்குமூஞ்சி என்று சொல்கிற பையனிடம் டீச்சர் தனியாகப் பேசினாராம். அது நிற்குமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளகோவில் | வியாழன், இரவு 8:30

நல்லதுங்க. எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் இந்தத் திரும்ப எடுக்கிற விஷயத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். செலவு ஒன்றும் இல்லையே.

பவானி ஆத்தங்கரை | வெள்ளி, காலை 7:20

இழை கொஞ்சம் விலகும், மன்னிக்கணும். ஸ்டுடியோ அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் அப்பாரு 1972ல் எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது எடுத்த குரூப் போட்டோ, கறுப்பு வெள்ளை, சட்டம் போட்டு ஆசாரத்துச் சுவரில் மாட்டியிருந்தது. மழைக்கு ஒழுகி, இப்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதில் அவர் கண் மூடியிருக்கிறார் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அவர் சின்ன வயசில் எடுத்த போட்டோ அது ஒன்றுதான் இருக்கிறது. பிரித்தெடுக்கலாமா?

கோபி ஸ்டுடியோ | வெள்ளி, காலை 8:05

தயவுசெய்து பிரிக்காதீர்கள். படம் இருக்கிற மேல் பூச்சுதான் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. இழுத்தால் காகிதம் தனியாக வரும், முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சட்டத்தை மட்டும் ஆணி பிடுங்கிக் கழற்றி, பின் அட்டையை எடுத்துவிட்டு, கண்ணாடியும் போட்டோவும் ஒட்டினபடியே வெயில் படாமல் உலர விடுங்கள். கண்ணாடியின் வெளிப் பக்கத்தை மட்டும் ஈரமில்லாத மெத்துத் துணியால் துடையுங்கள். அப்புறம் கண்ணாடி மேலேயே ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனரில் கொள்ளாத அளவென்றால் இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவை நேர் மேலே வைத்து எடுத்தால் மினுக்கம் வராது. போனில் எடுப்பதானால் கறுப்புத் துணிக்கு ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாக லென்ஸை நீட்டி எடுங்கள், உங்கள் நிழலுருவம் கண்ணாடியில் விழாது.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் படம் வெள்ளியால் ஆனது, சாமானியத்தில் வெளுக்காது, கலர் பிரிண்டுக்குத்தான் சாயம் போகும். 1967க்கு அப்புறம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் கறுப்பு வெள்ளை பிலிம் போட ஆரம்பித்துவிட்டார்கள், இந்து என்று பேர். அப்பாரு போட்டோ கூட அந்த பிலிமாக இருக்கலாம். கண் விஷயம், நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்காமல் மூடியிருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வெயிலைப் பார்த்து நிற்க வைத்து எடுத்ததில் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கித்தான் இருப்பார்கள், சின்னப் பிரிண்டில் அது மூடினதாகத் தெரியும். கோபி வந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம். வரும்போது பஸ்ஸில் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.